வியாழக்கிழமையின் இரண்டாம் காலை

2014ஆம் ஆண்டு ஜூன் ஐந்தாம் திகதி, வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டு மணிக்கு, எர்லன்தால் பள்ளத்தாக்கில் முந்நூற்று எண்பத்தாறு பேரும் இருநூற்றுப் பத்துப் பசுக்களும் இருந்தபோது, ஊர் விடுதியின் குசினியில் யோகமலர் குணநாயகம் பதினொரு கிலோ உருளைக்கிழங்கை அவித்து இறக்கியிருந்தபோது, தேவாலய மணி பன்னிரண்டு அடித்து ஓய்ந்ததும், தலைக்கு மேல் நின்ற சூரியன் வந்த வழியே திரும்பிப் போய்க் கிழக்கு முகட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டது. கோபுரக் கடிகாரத்தின் முட்கள் ஆறு மணிக்குப் போயின. காய்ந்திருந்த புல்லில் மறுபடி பனி ஈரம் ஏறியது, மேய்ச்சலில் இருந்த பசுக்கள் கறவைக் கொட்டிலின் கதவடிக்கு வந்து வரிசையாக நின்றன, சேவல் இல்லாத அந்த ஊரில் அஞ்சல் அதிகாரியின் நாய் விடியலுக்குக் குரைப்பதுபோலக் குரைத்தது.

விடுதியின் சாப்பாட்டுக் கூடத்தில் மதியச் சாப்பாட்டுக்காக முப்பத்து நான்கு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் ஜன்னலைப் பார்த்தார்கள், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்கள், பிறகு கோப்பி கேட்டார்கள், ஏனென்றால் காலை ஆறு மணிக்குப் பன்றியிறைச்சியும் உருளைக்கிழங்கும் சாப்பிடும் வழக்கம் சுவிஸ் நாட்டின் அந்த மூலையில் இல்லை. விடுதிக்காரர் ரூடி குசினிக்குள் வந்து, அடுப்பில் இருந்த பெரிய தட்டத்தையும் யோகமலரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"இதை இப்போது வைக்க முடியாதே" என்றார்.

"முட்டை பொரிக்கட்டுமா?" என்று யோகமலர் கேட்டார்.

"பொரியுங்கள்" என்றார் ரூடி. யோகமலர் அறுபத்தெட்டு முட்டை பொரித்தார்.

ஆறு மணித்தியாலம் கழித்து இரண்டாம் முறையாகப் பன்னிரண்டு அடித்தது, அந்த முறை சூரியன் தன் பாட்டில் மேற்கே போயிற்று, முப்பத்து நான்கு பேரும் ஆறிப்போன உருளைக்கிழங்கை ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டார்கள். பள்ளத்தாக்கை வெளியுலகோடு இணைக்கும் சுரங்கப்பாதையில் அந்த இடைவேளையில் காரோட்டிப் போனவர்கள் மறுமுனையில் பன்னிரண்டு மணி ஒரு நிமிடத்துக்கு வெளியே வந்தார்கள். வெளியே ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. நகரத்திலிருந்த மகளிடம் தொலைபேசியில் விஷயத்தைச் சொன்ன ஒரு பெண்மணியிடம், மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாயா அம்மா என்று மகள் விசாரித்தாள்.

அடுத்த வியாழனும் அப்படியே நடந்தது, அதற்கடுத்த வியாழனும் நடந்தது, நான்காம் வியாழனுக்கு ஊர் அதற்கு ஒழுங்கு செய்துகொண்டது. பால் பண்ணையில் இரண்டாம் காலைப் பாலுக்குத் தனி வாளி வைத்தார்கள். மாடுகள் வழக்கத்தில் மூன்றில் ஒரு பங்கு குறைவாகவே கொடுத்தன, ஆனால் கொடுத்தன. தபால் பஸ்ஸின் நேர அட்டவணையில் ஒரு நட்சத்திரக் குறி போட்டு, 'வியாழக்கிழமைகளில் பன்னிரண்டு மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில் சேவை இல்லை' என்று அடியில் அச்சிட்டார்கள். வியாழன்தோறும் கீழிருந்து வரும் வைத்தியர் முதலிரண்டு தடவை கோபப்பட்டார், மூன்றாம் தடவை தூண்டில் கொண்டுவந்தார். பேக்கரிக்காரர் ஒரே நாளில் இரண்டு தடவை விடியற்புறம் எழும்ப முடியாது என்று கையை விரித்துவிட்டார், பாதிரியார் காலைச் செபத்தை இரண்டாம் தரமும் சொன்னார், சொல்லிப் பார்த்தபோது முதல் தரத்தைவிட ஆட்கள் கூட வந்தார்கள். மாகாணப் பத்திரிகையிலிருந்து ஒருவர் வந்து, தானே ஒரு இரண்டாம் காலையை இருந்து பார்த்து, ஏழாம் பக்கத்தில் நாற்பது வரி எழுதினார். அதைப் பார்த்துவிட்டு ஒருவரும் வரவில்லை.

சண்டை வந்தது அந்த அரைநாள் யாருக்குச் சொந்தம் என்பதில்தான். மரம் அறுக்கும் ஆலை வைத்திருந்த எர்ன்ஸ்ட், அது வேலை நாள் என்றார். அவருடைய தொழிலாளர்கள் அது லீவு என்றார்கள். ரூடி, விருந்தினர் இருந்தால் அவர்களுக்குச் சாப்பாடு வேண்டும் என்றார். ஜூன் இருபத்தேழாம் திகதி ஊர்ச்சபை கூடியது. குடியுரிமை உள்ளவர்கள் முன்வாங்குகளில் இருந்தார்கள். இல்லாதவர்கள் வாக்களிக்க முடியாதென்பதால் சுவரோரம் பார்வையாளர் கதிரைகளில் இருந்தார்கள், யோகமலரும் அவர்களில் ஒருவர். இரண்டு மணித்தியாலம் பேசியபின், ஓய்வுபெற்ற ஆசிரியை வெரெனா பூமான் எழுந்து, சட்டப் புத்தகத்தில் இல்லாத நேரத்தில் ஒருவர் இன்னொருவருக்குக் கட்டளையிடச் சட்டத்தில் இடமில்லை என்றார். ஐம்பத்தெட்டுக்கு இருபத்தொரு கை தூக்கி, இரண்டாம் காலையில் ஒருவரும் ஒருவரையும் வேலை வாங்கக் கூடாது, கறவை மாடுகள் மட்டும் விதிவிலக்கு என்று தீர்மானித்தார்கள்.

அந்தத் தீர்மானத்தால் பள்ளத்தாக்கில் எவரையும்விட அதிகம் பயனடைந்தவர் கையே தூக்காத யோகமலர். சுவிஸுக்கு வந்து பத்தொன்பது வருடத்தில் அவருக்குக் கிடைத்த முதல் ஓய்வு அரைநாள் அது. கிழமையில் ஆறு நாள் விடுதிக் குசினியில் நின்றார், விடுதி பூட்டியிருக்கும் திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தைக் கழுவினார், அதற்கிடையில் வீட்டில் சமைத்தார்.

அந்த அரைநாள் அவருக்குச் சரியான நேரத்தில் வந்தது. ஏப்ரலில் அவர் குடியுரிமைக்கான நேர்காணலுக்குப் போயிருந்தார். ஐந்து பேர் கொண்ட குழு. தலைவி வெரெனா பூமான். ஆலைக்கார எர்ன்ஸ்ட் ஓர் உறுப்பினர். குப்பை எடுக்கும் நாட்கள் எவை என்று கேட்டார்கள், சொன்னார். தீயணைப்புக்கு எந்த எண் என்று கேட்டார்கள், சொன்னார். ஸ்டாஃபெலுக்கு எப்படிப் போவது, அங்கே நின்றால் என்ன தெரியும் என்று கேட்டார்கள். ஸ்டாஃபெல் என்பது கிராமத்துக்கு மேலே, கோடையில் மாடுகளை ஓட்டிக்கொண்டு போகிற உயர்ந்த மேய்ச்சல் நிலம். அந்தப் பள்ளத்தாக்கில் பிறந்தவர்கள் நடக்கப் பழகியதும் போகிற இடம்.

"குசினி ஜன்னலால் பார்த்திருக்கிறேன்" என்றார் யோகமலர்.

"பத்தொன்பது வருடம் ஜன்னலாலா?" என்று எர்ன்ஸ்ட் கேட்டார்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது: உள்ளூர் வாழ்வோடு பரிச்சயம் போதாது, ஓகஸ்ட் இருபத்தொன்பதாம் திகதி மறு நேர்காணல், அதிலும் தவறினால் மூன்று வருடங்களின் பின்னரே மறுபடி விண்ணப்பிக்கலாம்.

யோகமலரின் அக்கா தேவமலர் டொராண்டோவில் இருந்தார். இரண்டு சிறுநீரகமும் போய், செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் விடியக் காலை ஆறு மணிக்கு மெசினில் இரத்தம் சுத்திகரித்துக்கொண்டிருந்தார். அவரால் விமானம் ஏற முடியாது. யோகமலருக்குக் கனடா விசா இரண்டு முறை கிடைக்கவில்லை. சுவிஸ் கடவுச்சீட்டு இருந்தால் விசா தேவையில்லை. சகோதரிகள் ஒருவரை ஒருவர் நேரில் கண்டு இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது, டாக்டர்மார் தேவமலருக்கு எத்தனை வருடம் என்று சொல்லவில்லை, தேவமலரும் கேட்கவில்லை.

கடிதம் வந்த அன்று தொலைபேசியில் தேவமலர் சிரித்தார். "எடி மலர், சுவிஸிலை இருந்துகொண்டு மலையைப் பாக்கேல்லையோ? நான் இஞ்சை கலண்டரிலையே பாத்திட்டன். நான் வந்து சோதினை எழுதட்டே?"

"பகிடி விடாதேங்கோ அக்கா. மூண்டு வருசமாம்."

"மூண்டு வருசமோ" என்றார் தேவமலர். பிறகு, "அதுக்குள்ளை ஏறிப்போட்டு வா" என்றார்.

ஸ்டாஃபெல் நடையைப் பற்றி அஞ்சலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் துண்டுப் பிரசுரத்தில் மூன்று வரி இருந்தது: அரைநாள், நடுத்தரம், உறுதியான சப்பாத்து அவசியம். பாதை தொடங்கும் இடத்தில் நின்ற மஞ்சள் கைகாட்டிப் பலகை, மேலே போக இரண்டரை மணித்தியாலம் என்றது. யோகமலர் அந்தப் பிரசுரத்தைக் கொண்டுவந்து வீட்டு மேசையில் வைத்ததுதான் தாமதம், அவருடைய கணவர் குணநாயகம் பயணத்தைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆலையில் பலகை அடுக்கும் வேலை செய்த குணநாயகம் தான் குடியுரிமைக்கு விண்ணப்பித்ததில்லை. ஒரு வீட்டில் ஒரு ஆள் அவமானப்பட்டால் காணும் என்பது அவர் நியாயம். ஆனால் நாலு பேர் கூடிச் செய்யும் காரியம் எதுவானாலும் அதற்குத் தலைமை தாங்க அவர் தயங்கியதில்லை.

முதல் வேலையாக நகரத்துக் கோயில் ஐயருக்குப் போன் போட்டு, வெளிக்கிட நல்ல நேரம் கேட்டார்.

ஐயர் பஞ்சாங்கத்தைப் புரட்டும் சத்தம் கேட்டது. "வியாழனிலை ராகுகாலம் ஒண்டரைக்கு மேலை. நீங்கள் சொல்லுற பன்னிரண்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவிலை இதிலை ஒண்டும் இல்லை."

"ராகுகாலம் இல்லையோ? அப்ப நல்லதுதானே ஐயா."

"நல்ல நேரமும் இல்லை. திதி இல்லை, நட்சத்திரம் இல்லை. எழுதாத நேரத்துக்கு நான் எப்பிடிப் பொறுப்பு நிக்கிறது? யோசிச்சுச் சொல்லுறன்."

ஐயர் யோசிக்க இரண்டு வியாழன் போயிற்று. கடைசியில், வாசலில் தேங்காய் உடைத்துவிட்டுப் போகலாம் என்றார். அதற்குள் விஷயம் பரவியிருந்தது. ஜூலை பதினேழாம் திகதி, இரண்டாம் காலை தொடங்குமுன் சுரங்கத்தைக் கடந்து உள்ளே வந்துவிட வேண்டும் என்ற எச்சரிக்கையோடு, மூன்று நகரங்களிலிருந்து நான்கு கார்களில் உறவினர் வந்து இறங்கினார்கள். பதினெட்டுப் பேர். மீன் கறி அடைத்துப் பொரித்த பற்றிஸ் எழுபது, ரோல்ஸ் அறுபது, அரிசியும் கோழியும் குழைத்த கோழிப் புக்கை ஒரு சட்டி, இரண்டு சுடுதண்ணிப் போத்தலில் தேத்தண்ணி, பாய் மூன்று, குழந்தை வண்டில் ஒன்று. தேங்காய் உடைத்து, படம் எடுத்து, திரும்ப ஒரு படம் எடுத்து, ஆறு ஐம்பதுக்குப் பாதையில் ஏறினார்கள்.

முக்கால் மணித்தியாலத்தில் முதல் வாங்கு வந்தது. களைத்த பயணிகள் ஒரு நிமிடம் இருந்து எழும்புவதற்காக ஊர்ச்சபை போட்டுவைத்த வாங்கு அது. பதினெட்டுப் பேரும் அதைச் சுற்றிப் பாய் விரித்தார்கள். சாப்பாடு ஆறப் போகுது என்றார் ஒரு மாமி. சாப்பிட்ட பிறகு தேத்தண்ணி வந்தது, தேத்தண்ணிக்குப் பிறகு மாட்டோடு படம் வந்தது, மாட்டுப் படத்துக்குப் பிறகு குதியுயர்ந்த சப்பாத்தோடு வந்த மச்சாளின் கால் பிசகியது. யோகமலர் எழுந்து எழுந்து மேலே பார்த்தார்.

"இஞ்சேருங்கோ, பத்தே கால் ஆச்சு."

"நீர் ஏன் துடிக்கிறீர்? மலை எங்கை போகப்போகுது?" என்றார் குணநாயகம், ஒரு ரோல்ஸை அவர் கையில் வைத்து.

கீழே இரண்டாம் பன்னிரண்டு அடித்தபோது யோகமலர் ஓடிக் குசினிக்குள் நுழைந்தார். சாப்பாடு முக்கால் மணித்தியாலம் பிந்தியது. இரண்டாம் காலை ஒருவருக்கும் சொந்தமில்லை என்பது தனக்கு விளங்குகிறது, ஆனால் இரண்டாம் மதியம் தனக்குச் சொந்தம் என்று ரூடி சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் யோகமலருக்குச் சுகமாக இருந்திருக்கும்.

அதன்பின் இரண்டு வியாழன் மழை. அடுத்த வியாழன் நகரத்துக் கோயிலில் தேர். குணநாயகம் முதல் நாளே வடம் பிடிக்கப் போய்விட்டார், யோகமலர் தனியாகப் போகக் கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்கடுத்த வியாழன் பெரிய மாமாவுக்கு வசதிப்படாது என்று தள்ளி வைத்தார். ஓகஸ்ட் பதினைந்தாம் திகதி, பால் வாங்கப் போன யோகமலர், அஞ்சலகத்துக் கலண்டரில் நேர்காணலுக்கு முன் மிச்சமிருந்த வியாழக்கிழமைகளை எண்ணினார். இரண்டு.

அன்று மத்தியான வேலை முடிந்ததும் அவர் குசினி மேசையில் ஒரு ஓடர்த் துண்டைத் திருப்பிப் போட்டு, கரிப் பென்சிலால் எழுதத் தொடங்கினார். குணநாயகமும் ஐயரும் உறவினரும் எப்போது வெளிக்கிடுவது என்பதிலிருந்து பயணத்தைத் தொடங்கியிருந்தார்கள். குசினியில் எதையும் அப்படித் தொடங்குவதில்லை. தட்டு எத்தனை மணிக்கு மேசைக்குப் போக வேண்டுமோ அதை முதலில் எழுதி, அங்கிருந்து பின்னோக்கி வருவார்கள். யோகமலர் மேலே 12.00 பரிமாறல் என்று எழுதினார். அதற்குக் கீழே 11.15 இறைச்சி அடுப்புக்குள். 11.00 கை கழுவி ஏப்ரன். 10.45 கிராமம். மலையில் மாடு பார்க்கிறவனைக் கேட்டதில் இறங்க ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம் என்றிருந்தான், ஆகவே 8.55 ஸ்டாஃபெலை விட்டுத் திரும்பல். கிழங்கு முதலாம் காலையிலேயே சீவித் தண்ணீரில் கிடக்கும். 8.55க்குக் கீழே கோடு கிழித்து, 'எங்கே நின்றாலும்' என்று எழுதி, இன்னொரு கோடு கிழித்தார்.

அந்தத் துண்டை வீட்டில் குணநாயகத்திடம் காட்டினார்.

"சாப்பாடு எங்கை எழுதியிருக்கு?" என்று குணநாயகம் கேட்டார்.

"இல்லை."

"மாமா ஆக்கள்?"

"இல்லை. விரும்பினால் நீங்கள் வரலாம். நான் ஆறு மணி அடிக்க நடக்கத் தொடங்குவன்."

இருபத்தேழு வருடத் தாம்பத்தியத்தில் குணநாயகம் தலைமையில்லாத ஒரு பயணத்துக்கு அழைக்கப்பட்டது அதுவே முதல் தடவை. ஓகஸ்ட் இருபத்தொன்றாம் திகதி அவர் புதுச் சப்பாத்தோடு கூடப் போனார், வழியில் இரண்டு தடவை கழற்றி மாட்டினார், 8.55 ஆனபோது அவர்கள் கடைசி வளைவுக்குக் கீழே ஒரு பாறையடியில் நின்றார்கள். மேலே மாட்டு மணிகள் கேட்டன. இன்னும் பத்து நிமிடம் என்று குணநாயகம் கெஞ்சினார். யோகமலர் கடிகாரத்தைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், திரும்பி இறங்கினார். இறங்கும் வழியெல்லாம் அவர் அழுதார். அழுதபடியே 10.43க்குக் கிராமத்தில் நின்றார்.

ஓகஸ்ட் இருபத்தெட்டாம் திகதி, நேர்காணலுக்கு முதல் நாள், குணநாயகம் பழைய வேலைச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார், வாயைத் திறக்கவில்லை, பாறைகளில் தீட்டியிருந்த வெள்ளை சிவப்பு வெள்ளைக் கோடுகளை எண்ணிக்கொண்டு மனைவியின் பின்னால் நடந்தார். 8.48க்கு அவர்கள் ஸ்டாஃபெலில் நின்றார்கள். ஏழு நிமிடம் இருந்தது.

இடப்பக்கம் சின்னக் குளம், அதற்கு மேல் மூன்று முகடுகள், வலப்பக்கம் மாடு பார்க்கிறவனின் கல் குடிசை. இரண்டு மலைகளுக்கு நடுவே இருந்த இடைவெளியால் வெளியுலகம் தெரிந்தது. அங்கே பகல் பன்னிரண்டு மணி. மரங்களின் நிழல் அவற்றின் காலடிக்குள் ஒடுங்கிக் கிடந்தது. ஆற்றுப் பாலத்தின் மேல் ஒரு ரயில் நின்றது. தூரத்துப் பெரிய ஏரியில் ஒரு கப்பல், அதன் பின்னால் வெள்ளை நுரை கிழித்த கோடு, இரண்டும் அசையவில்லை. ஒரு புகைபோக்கியின் புகை ஊன்றிய கம்பு போல நின்றது. உழுத நிலத்துக்கு மேலே பறவைக் கூட்டமொன்று மிளகுத்தூள் தூவியதுபோல அந்தரத்தில் இருந்தது. பள்ளத்தாக்கு தன் இரண்டாம் காலையை நடந்து முடிக்கும்வரை முழு உலகமும் அப்படியே நின்றது.

குணநாயகம் அப்போதுதான் வாயைத் திறந்தார். "எல்லா இடமும் இப்பிடியே நிக்குமோ?"

"நிக்கும்தானே."

"கனடாவிலையும்?"

யோகமலர் கணக்குப் பார்த்தார். இங்கே பகல் பன்னிரண்டென்றால் டொராண்டோவில் விடிய ஆறு. வியாழக்கிழமை. "அக்காவுக்கு இப்பதான் ஊசி குத்தியிருப்பினம்" என்றார். "பாவம், குத்தினபடி ஆறு மணித்தியாலம் நிக்குது மனிசி."

"அவவுக்கு அது தெரியாது. நேரம் போகாதுதானே."

"ஓம்" என்றார் யோகமலர். "இந்த ஆறு மணித்தியாலம் அவவின்ரை காலத்திலை கழியாது." பிறகு 8.55 ஆயிற்று.

மறுநாள் வெள்ளிக்கிழமை பின்னேரம் குழு கூடியது. வெரெனா பூமான் அதே கேள்வியைக் கேட்டார், யோகமலர் பாதையைச் சொன்னார், வாங்குகளையும் வளைவுகளையும் நிமிடத்தோடு சொன்னார். குளத்தைச் சொன்னார், மூன்று முகடுகளைச் சொன்னார், பாலத்தில் நின்ற ரயிலைச் சொன்னார்.

எர்ன்ஸ்ட் குழுவிடம் இருந்த மாதிரி விடைத்தாளை விரலால் தட்டினார். "ரயில் தெரியாது. அந்தப் பக்கம் காலையில் எப்போதும் மூடுபனி. அறுபது வருடமாகப் போகிறேன்."

"நேற்று அங்கே காலை இல்லை. பன்னிரண்டு மணி. மூடுபனி கலைந்திருந்தது" என்றார் யோகமலர்.

"எர்ன்ஸ்ட், நீ இரண்டாம் காலையில் மேலே போனாயா?" என்று வெரெனா கேட்டார்.

"இரண்டாம் காலையில் நான் தூங்குகிறேன்."

வெரெனா மற்ற மூவரையும் பார்த்தார். ஒருவர் தூண்டில் போட்டிருந்தார், ஒருவர் செபத்துக்குப் போயிருந்தார், ஒருவர் மாடு கறந்திருந்தார். அந்த அரைநாள் யாருக்குச் சொந்தம் என்று இரண்டு மணித்தியாலம் சண்டை பிடித்தவர்களில், அதை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனவர் எவரும் இல்லை. குழு தீர்ப்பை ஒரு கிழமைக்கு ஒத்திவைத்து, செப்டெம்பர் நான்காம் திகதி விண்ணப்பதாரரோடு நேரில் சென்று பார்ப்பதென்று முடிவு செய்தது.

"நான் பதினொரு மணிக்குக் குசினியில் நிற்க வேண்டும்" என்றார் யோகமலர். "எட்டு ஐம்பத்தைந்துக்குத் திரும்புவோம். எங்கே நின்றாலும்."

"இதைச் சொல்ல இவர் யார்?" என்று எர்ன்ஸ்ட் வெரெனாவைக் கேட்டார்.

"வழி தெரிந்தவர்" என்றார் வெரெனா.

அந்த வியாழன் ஆறு மணி அடிக்க ஆறு பேர் ஏறினார்கள். முதல் வாங்கில் எர்ன்ஸ்ட் உட்கார்ந்து, பையைத் திறந்து, புகையிலிட்ட சொசேஜையும் கத்தியையும் ரொட்டியையும் மடியில் பரப்பினார். மற்ற மூவரும் அவர் பக்கத்தில் இடம் பிடித்தார்கள். யோகமலர் அவர்கள் முன்னால் போய் நின்றார். அந்த வாங்கைப் பற்றி அவருக்கு ஏற்கெனவே தெரியும்.

"மேலே போய்ச் சாப்பிடுங்கள்" என்றார்.

"ஒரு துண்டு மட்டும்."

"எழுபது பற்றிஸ் இந்த வாங்கில்தான் முடிந்தது" என்றார் யோகமலர். பற்றிஸ் என்றால் என்ன என்று ஒருவருக்கும் விளங்கவில்லை, ஆனால் அவர் சொன்ன தொனியில் எர்ன்ஸ்ட் கத்தியை மடக்கினார். அறுபத்தெட்டு வயது வெரெனாவின் முழங்கால் கடைசி வளைவில் பிடித்துக்கொண்டது. யோகமலர் அவருக்குத் தோள் கொடுத்து, மற்றக் கையில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஏற்றினார். 8.51க்கு ஸ்டாஃபெலில் நின்றார்கள்.

நான்கு நிமிடம் இருந்தது. எர்ன்ஸ்ட் தொப்பியைக் கழற்றி, கண்ணுக்கு மேல் கையை வைத்து, பாலத்தில் நின்ற ரயிலின் பெட்டிகளை எண்ணினார். ஏழு. மறுபடி எண்ணினார். ஏழுதான். அறுபது வருடமாக மூடுபனியைத்தான் பார்த்துவிட்டு இறங்கியிருக்கிறேன் என்று அவர் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். வெரெனா பூமான் குறிப்புப் புத்தகத்தைக் கல்லில் வைத்து எழுதினார்: விண்ணப்பதாரரின் விடை சரி. குழுவின் மாதிரி விடைத்தாள்தான் திருத்தப்பட வேண்டும். அதன் கீழே ஐந்து பேரும் கையெழுத்துப் போட்டார்கள், எர்ன்ஸ்ட் மூன்றாவதாகப் போட்டார், 8.55க்கு யோகமலர் எல்லோரையும் கீழே திருப்பினார். சொசேஜை எர்ன்ஸ்ட் நடந்துகொண்டே சாப்பிட்டார், ஒரு துண்டை வெட்டி யோகமலருக்கும் நீட்டினார். செப்டெம்பரின் மிச்ச வியாழக்கிழமைகளில் மேலே போக ஆட்கள் வரிசையில் நின்றார்கள், தூண்டிலோடு வைத்தியரும் போனார், பாதிரியார் செபத்தை அங்கே வைத்தார்.

ஒக்டோபர் இரண்டாம் திகதி வியாழக்கிழமை பன்னிரண்டு அடித்தது, பிறகு பன்னிரண்டு மணி ஒரு நிமிடம் ஆயிற்று. வாளிகளோடு நின்றவர்களும் சப்பாத்து மாட்டி நின்றவர்களும் கொஞ்ச நேரம் கிழக்கே பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, சாப்பிடப் போனார்கள். நட்சத்திரக் குறி டிசெம்பர்வரை அட்டவணையில் இருந்தது.

நவம்பர் இருபத்தொன்றாம் திகதி ஊர்ச்சபை யோகமலரின் விண்ணப்பத்தை எழுபத்தொன்றுக்குப் பதினான்கு வாக்கில் ஏற்றுக்கொண்டது. அவர் சுவரோரக் கதிரையிலிருந்து எழுந்து நன்றி சொன்னார். வீட்டுக்குப் போகும் வழியில், தானும் விண்ணப்பிக்கலாம் என்று யோசிப்பதாகக் குணநாயகம் தெரிவித்தார். ஒரு ஆள் அவமானப்படாமல் வந்திட்டார்தானே என்றார். மாகாணமும் மத்திய அரசும் தங்கள் தாள்களைப் பார்க்க இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் எடுத்தன. அந்தக் காலம் முழுவதும் செவ்வாய், வியாழன், சனி விடிய ஆறு மணிக்குத் தேவமலர் மெசினில் படுத்தார், எழும்பினார், போன் எடுத்தார்.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் ஒன்பதாம் திகதி, சனிக்கிழமை, பிற்பகல் 3.25க்கு யோகமலர் டொராண்டோ விமான நிலையத்தில் இறங்கினார். தேவமலர் அன்று காலைச் சுத்திகரிப்பை முடித்துவிட்டு, வருகை வாசலில் சக்கர நாற்காலியில் இருந்தார்.